முகம் பார்த்து வைத்த கேமரா

உழவர்கரையில் கல்யாண வீடியோவுக்கு யாரைப் பார்ப்பது என்று கேட்டால் லினெட் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஊரிலுள்ள கேமராக்காரர்களையெல்லாம் விசாரித்து முடித்த பிறகு, பெண்ணைப் பெற்றவள் மெதுவாக அவள் பெயரைச் சொல்வாள். மணப்பெண் அலங்காரம் நடக்கிற அறைக்குள் கேமராவோடு போய் நிற்க ஒரு பொம்பளை வேண்டுமே! அந்த ஒரு கதவு வழியாகத் தொழிலுக்குள் நுழைந்தவள், பிறகு கோயில், மண்டபம், கார் ஊர்வலம் என்று எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். எடுப்பது, மிக்ஸிங் பண்ணுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் அவளே. வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ.

தொழிலில் அவளுக்கு ஒரே வேதம், முகம். முதன்முதலில் எடுத்த கல்யாணத்தில் பந்தலையும் சீரியல் லைட்டையும் மூன்றடுக்குக் கேக்கையும் ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் மட்டும் படம் முழுக்க ஒரு தோள்பட்டையாகவே வந்துபோனார். அந்த மனுஷர் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அன்றோடு லினெட் தெளிந்துவிட்டாள். பந்தல் எக்கேடு கெட்டும் போகட்டும், முகம் விழ வேண்டும். தன்னிடம் வேலை பழக வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்வாள். "முதுவப் பாக்கவா வீடியோ போட்டுப் பாக்கறாங்க? மூஞ்சப் புடி."

இந்த வேதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நாலு பேர் நடுவில் கேலிப்பொருளாக்கியது. மறுநாள் காலையில் அதுவே அவள் ஈரக்குலையைப் பிடித்து உலுக்கியது.

லினெட்டின் புருஷன் தொமினிக் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை. பத்தொன்பது வயதில் போனவர், நாற்பதை எட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டார். கடைசி வருஷத்தில் ஆப்பிரிக்காவில் ஜீப் கவிழ்ந்து தலையில் நல்ல அடி. இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. மற்றபடி தேக்குக் கட்டை மாதிரி உடம்பு. மாசம் பிறந்தால் பென்ஷன். செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. இப்படிப்பட்ட மனுஷனை ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்காமல் விடுமா? தொமினிக்கைப் பிடித்தது கார் ரேஸ்.

பழைய எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, உழவர்கரையிலேயே பட்டறை வைத்திருக்கும் வேம்புவிடம் கொடுத்தார். வேம்பு அதன் சீட்டையும் கதவு அட்டையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூடு கட்டி, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் வண்டியாக்கிவிட்டார். சென்னைக்கு அந்தாண்டை இருக்கிற ட்ராக்கில் பயிற்சிக்கு நேரம் கொடுக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் வண்டியை மினிலாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். லினெட் அந்தப் பக்கமே போனதில்லை. கல்யாண சீசனில் ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்குப் பொன். அதோடு, அந்தக் காரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

சொல்லப்போனால் அவளுக்கு ஆகாதது கார் இல்லை. புருஷனின் திமிர். ராணுவத்திலிருந்து வந்த நாள் தொட்டு அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு மேஜையில் அவள் ஏதாவது முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் எங்கேயோ பார்த்தபடி, வாயில் ஒன்றும் இல்லாமலே மாடு அசைபோடுகிற மாதிரி மென்றுகொண்டிருப்பார். பதில் வராது. சற்றுப் பொறுத்துத் திரும்பி, "இன்னா சொன்ன?" என்பார். லினெட்டுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறும். "நான் ஒருத்தி கத்துறது சுவத்துக்கா? பிரான்ஸ் போயிட்டு வந்தா பொண்டாட்டி பேச்சு காதுல ஏறாதா?" என்று ஆரம்பித்தால் அன்று ராத்திரிச் சாப்பாடு நாசம். தன் அம்மாவிடமும் சொல்லி அழுதிருக்கிறாள். "சொல்தாங்க எல்லாம் அப்பிடித்தாண்டி, அரைக்கால்சட்டையும் திமிரும் கூடவே வரும்" என்று அம்மாவும் ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டாள். எட்டு வயது மகள் ஈனெஸ்கூட, "மம்மி, பப்பா கோவமா இருக்கார், இப்பப் பேசாதீங்க" என்று கற்றுக்கொண்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் டிசம்பரில் காரில் ஒரு வியாதி கண்டது. ட்ராக்கில் ஒரு நீண்ட நேர்ரோடு. அதன் முடிவில் வலது பக்கம் வளைவு. அந்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதிக்க வேண்டும். எத்தனையோ சுற்றுக்கு ஒழுங்காக நிற்கிற கார், எப்போதாவது ஒரு சுற்றில் வளைவைத் தாண்டி மண்ணுக்குள் போய் இறங்கிவிடும். "பிரேக் லேட்டா புடிக்குது வேம்பு" என்பார் தொமினிக். வேம்புவுக்கு ரோஷம். பிரேக்கைக் கழற்றி மாட்டுவார், புதுசு போடுவார், எண்ணெய் மாற்றுவார். அடுத்த பயிற்சியில் கார் மறுபடியும் மண்ணில் இறங்கும். ஜனவரி கடைசியில் போட்டி. தொமினிக்கைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்று கூப்பிடும் வேம்புதான் கடைசியில் ஒரு யோசனை சொன்னார். "முசியே, வண்டில ஒரு கேமரா வெச்சி எடுப்போம். எந்த எடத்துல பிரேக் மிதிக்கிறீங்க, வண்டி எங்க வழுக்குதுன்னு ரோட்டப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

பாரிஸில் இருக்கும் தொமினிக்கின் அக்கா அலெக்சாந்த்ரா கிறிஸ்துமஸ் பரிசாக அந்தக் கேமராவை அனுப்பிவைத்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. தண்ணீர் புகாத ஒரு கண்ணாடிப் பெட்டி. எடுப்பதை அங்கேயே பார்க்க ஒரு குட்டித் திரைகூட இல்லை. முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, ஓடும்போது மினுக்கும். அவ்வளவுதான். லினெட் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளில் சுமந்து சுமந்து தன் ஒரு பக்கத் தோளே இறங்கிப்போன பெரிய கேமராவை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இத நாந்தான் மாட்டுவேன். ஒங்க ரெண்டு பேருக்கும் கேமராவுக்கும் இன்னா சம்மந்தம்?" என்று சொல்லிவிட்டாள். ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணமும் இல்லை. ஈனெஸை அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ட்ராக்கில் கால் வைத்ததுமே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியில் பார்க்கும்போது கொசு ரீங்காரம் மாதிரிக் கேட்கிற சத்தம் இங்கே நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து குடைந்தது. கண்ணுக்கெதிரே ஒரு கார் பாய்ந்து போனது. அது போன பிறகுதான் அது காரென்று உறைத்தது. இந்த வேகத்திலா என் புருஷன் போகிறான்? இத்தனை நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் ஏதோ ஆண்பிள்ளைகளோடு அரட்டை அடிக்கப் போகிறான் என்றல்லவா நினைத்திருந்தேன்!  ஆனாலும் வேலையென்று வந்தால் லினெட்டின் கை தானாக ஓடும்.

மண்டபத்தில் லைட் மாட்டுகிற கிளாம்பைக் கொண்டுபோயிருந்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே குறுக்காக ஓடிய குழாயில் சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி, அதன் மேல் கிளாம்பை இறுக்கினாள். வண்டி அதிர்கிற அதிர்வில் படம் ஆடக் கூடாதில்லையா. கேமராவை மாட்டி, கழன்று பறந்து யார் மேலேயும் விழாமல் இருக்க நைலான் கயிற்றால் தனியாக ஒரு கட்டும் போட்டாள். சோதனை பார்க்க வந்த ட்ராக் அதிகாரி இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தொமினிக் ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டுக்குள் புகுந்து உட்கார்ந்தார். லினெட் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். வெளிச்சம் பிரமாதம். போகஸ் கத்தி மாதிரி இருந்தது.

"தெரியுதா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினார் தொமினிக்.

"சூப்பரா தெரியுது!" என்று அவளும் கத்தினாள்.

கார்டைத் திரும்பப் போட்டாள். சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து தொமினிக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கேமரா ஓடுகிறது என்று தனக்குச் சொல்வதற்காகத்தான் அந்த விளக்கைத் தன் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று அந்த அப்பாவி நினைத்துக்கொண்டார். வேம்புவோ டயருக்குக் காற்றுப் பார்க்கிற அவசரத்தில் கேமரா பக்கமே திரும்பவில்லை.

கார் கிளம்பிப் போனது. லினெட் கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மஞ்சள் கார் எதிரே வந்து போகும்போது ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். சுற்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பயிற்சி முடிகிற தறுவாயில் நேர்ரோட்டில் வந்த கார், வளைவு வந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. நேராகப் போயிற்று. கடைசி நொடியில் டயர் அலறி, கார் ஒரு சுற்றுச் சுற்றி, மண்ணுக்குள் போய்ப் புழுதிக்குள் மறைந்துவிட்டது.   புழுதி அடங்கி, கார் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தபோது, தான் இவ்வளவு நேரமும் மூச்சு விடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"பிரேக் புடிக்கல!" காரிலிருந்து இறங்கியதும் தொமினிக் சொன்ன முதல் வார்த்தை அது.

"கேமரா இருக்கில்ல, பாத்துடுவோம். பிரேக்கா, ஆளான்னு இப்பவே தெரிஞ்சிடும்" என்றார் வேம்பு.

கூடாரத்துக்குக் கீழே லேப்டாப்பைச் சுற்றி மற்ற வண்டிக்காரர்களும் வந்து கூடினார்கள். படம் ஓடியது. ரோடு இல்லை. வளைவு இல்லை. திரை முழுக்க, ஹெல்மெட்டின் திறப்புக்குள் தொமினிக்கின் முகம்! கண்ணும் மூக்கும் வாயும் அழகாக, நடுநாயகமாக உட்கார்ந்திருந்தன.  பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. ஒருத்தன் கீழே உட்கார்ந்தே விட்டான். "அக்கா, தாலி கட்டுற சீன் எப்ப வரும்?" என்று கேட்டான் இன்னொருத்தன். வேம்புகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"ரோட்ட எடுக்கச் சொன்னா என் மூஞ்ச எடுத்து வெச்சிருக்கியே" என்றார் தொமினிக். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

லினெட்டுக்கு முகம் சுண்டிப்போனது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். கேமராவை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. மனுஷன் இருக்கிற இடத்தில் கேமரா வேறு எதைப் பார்க்கும்? லேப்டாப்பை மூடிப் பையில் போட்டாள். ரேஸ் காரை ஏற்றிக்கொண்டு வேம்பு மினிலாரியில் முன்னால் போய்விட்டார். இவர்கள் இருவரும் தங்கள் காரில் கிளம்பினார்கள். திண்டிவனம் ரோட்டில் தொமினிக்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். லாரியும் பஸ்ஸும் எதிரே வந்துகொண்டே இருந்தன.  வழியில் அம்மா வீட்டில் நிறுத்தி, தூங்கிப்போயிருந்த ஈனெஸைப் பின் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஈனெஸைப் பள்ளிக்கூடத்தில் விட தொமினிக் கார் எடுத்துப் போனார். லினெட் முன்னறையில் உட்கார்ந்து, அந்த மானங்கெட்ட படத்தை அழித்துவிடலாம் என்று திறந்தாள். அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்தாள். தொழில் புத்தி யாரை விட்டது? பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தொமினிக்கின் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. கண் பளபளவென்று ரோட்டில் ஓடுகிறது, கண்ணாடிக்குத் தாவுகிறது, திரும்புகிறது. வளைவில் உதட்டைக் கடிக்கிறார். நன்றாகத் திரும்பினால் தனக்குத் தானே சிரித்துக்கொள்கிறார். இதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, ஈனெஸுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது. நல்ல இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

கடைசிச் சுற்று வந்தது. நேர்ரோடு. ஜன்னலுக்கு வெளியே சுவர் பறக்கிறது. தொமினிக்கின் கண் ரோட்டில் ஓடுவதை நிறுத்தியது.

மூடவில்லை. திறந்துதான் இருந்தது. ஆனால் அது எதையும் பார்க்கவில்லை. முகத்திலிருந்து யாரோ ஆளை மட்டும் உருவி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. வாய் மெல்ல ஆரம்பித்தது. ஒன்றுமில்லாத வாய், மென்றது, மென்றது. இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, நெஞ்சிலிருந்த பெல்ட்டைத் தடவித் தடவி நோண்டியது. வெளியே சுவர் பறந்துகொண்டே இருந்தது. இஞ்சின் கொஞ்சமும் இறங்காமல் கதறிக்கொண்டே இருந்தது. பிறகு திடுக்கென்று கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தார். வந்தவரின் முகத்தில் பயம். உடம்பெல்லாம் முன்னால் பாய, பிரேக். புழுதி.

லினெட் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.  பிரேக் பிடிக்கவில்லையா? பிரேக்கை மிதிக்க அங்கே ஆளே இல்லையே!

அதைவிடப் பெரிய அடி அப்புறம்தான் விழுந்தது. இந்த முகம் அவளுக்குத் தெரியும். இந்த மெல்லுதல் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து எத்தனையோ ராத்திரி இதே முகத்தைப் பார்த்துத்தானே, திமிர் பிடித்தவன் என்று அவள் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறாள்! அப்போதெல்லாம் அவர் இங்கே இல்லை. அவள் கத்திய கத்தல் ஒன்றுகூட அவர் காதில் விழுந்திருக்காது. அவள் இத்தனை வருஷம் சண்டை போட்டது ஆளில்லாத ஒரு முகத்தோடு. "ஏசுவே" என்று வாய்விட்டுச் சொன்னாள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கார்! ஈனெஸ்! இப்போது அந்த மனுஷன் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு காரோட்டிக்கொண்டு போயிருக்கிறான்!

பகீரென்று எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. காரோட்டும்போது போனைத் தொட மாட்டேன் என்று அவர் பெருமையடித்துக்கொள்வது நினைவுக்கு வந்து, அந்தப் பெருமையே அவளை அழவைத்தது. செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு கமலா, "இன்னா லினெட், இன்னா ஆச்சி?" என்று கேட்டதைக் காதில் வாங்காமல் பெரிய ரோடு வரைக்கும் ஓடினாள். சிக்னலில் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, பள்ளிக்கூட வேன் என்று எல்லாம் இடித்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு வண்டியோட்டியின் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தாள். யாராவது ஒருத்தன் ஒரு நொடி காணாமல் போனால்?

அவர்கள் கார் வந்தது. மெதுவாக, ஒழுங்காக, இன்டிகேட்டர் போட்டுத் திரும்பி அவளருகே நின்றது. பின் சீட் காலி.

"ஈனெஸ் எங்க?"

"ஸ்கூல்ல. வேற எங்க? இன்னாடி இது, செருப்பு கூட இல்லாம?"

லினெட் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கிக்கொண்டாள். நடு ரோட்டில் கார் நின்றுபோய், பின்னாலிருந்தவன் ஹாரனை அலறவிட்டான்.

காரைத் தள்ளி ஓரங்கட்டிவிட்டு, அவரை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். தான் மட்டும் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று வேம்புவையும் வரவழைத்தாள். மூவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். லினெட் அந்த இடத்துக்கு ஓட்டி, படத்தைப் போட்டுவிட்டு, தான் திரையைப் பார்க்காமல் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

வேம்பு முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு வாயிலேயே காய்ந்தது. "இன்னா முசியே இது... கையி பெல்ட்ட நோண்டுது... கண்ணு..." என்று இழுத்தவர், நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஒரு குத்தமும் இல்லாத பிரேக்க நான் கழட்டிக் கழட்டி மாட்டியிருக்கனே."

தொமினிக் அசையவில்லை. போர்க்களம் பார்த்த மனுஷன். அவர் முகம் வெளுத்து அவள் பார்த்ததே இல்லை. இப்போது பேயறைந்தது போல் இருந்தது.

"எனக்குத் தெரியல" என்றார். "சத்தியமா தெரியல லினெட். ரோட்டுல இருந்தேன். அடுத்த நிமிஷம் வளைவு மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு. நடுவுல ஒண்ணுமே இல்ல. பிரேக்குதான்னு நெனச்சேன்." பிறகு திரையைக் காட்டி, யாரோ அந்நியனைப் பற்றிக் கேட்பது போல மெதுவாகக் கேட்டார். "வீட்லயும் நான் இப்பிடி இருக்கனா?"

லினெட் தலையாட்டினாள். 

"ஈனெஸ் கூட இருக்கும்போதா?"

அதற்கும் தலையாட்டினாள். தொமினிக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் கோரிமேட்டுக்குப் பஸ்ஸில் போனார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து நோயாளிகளைச் சுமந்து வந்த பஸ்களிலிருந்து ஜனம் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தோடு இவர்களும் நடந்தார்கள். லினெட் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார், காதுக்கு மேலிருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார், படத்தைப் போட்டுப் பார்த்தார், இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு சோதனையும் எடுத்தார்கள்.

"இது வலிப்பு" என்றார் டாக்டரம்மா. "கீழ விழணும், நுரை தள்ளணும்னு இல்ல. இப்படியும் வரும். பழைய தலைக்காயத்தால வந்திருக்கணும். வந்து போறது அவருக்கே தெரியாது. மாத்திரை இருக்கு, பெரும்பாலும் அடங்கிடும்."

வலிப்பு என்ற வார்த்தையில் லினெட்டுக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. தொமினிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரேஸு?"

"ரேஸ் இருக்கட்டும். முழுசா அடங்கிடுச்சுன்னு நாங்க சொல்ற வரைக்கும் ஸ்கூட்டரக்கூடத் தொடக்கூடாது." டாக்டரம்மா லினெட் பக்கம் திரும்பினார். "வண்டிக்குள்ள டிரைவர் முகத்தப் பாத்துக் கேமரா வெக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

லினெட் என்ன சொல்வாள்? "தெரியாம வெச்சிட்டேன்மா" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தில் தொமினிக் உட்கார்ந்தார். மடியில் மாத்திரைப் பொட்டலம். பக்கத்தில் லினெட். மூன்று நாளாக அடைத்துப் போயிருந்த வாய் அவளுக்கு இப்போது திறந்துகொண்டது. நிறுத்தாமல் பேசினாள். மாத்திரையை எந்த நேரத்துக்குக் கொடுப்பது, ஈனெஸுக்குப் பள்ளிக்கூட வேன் பேசுவது, நானே காரோட்டக் கற்றுக்கொண்டால் என்ன என்பது வரைக்கும் போய்விட்டாள். "அந்த மஞ்சக் கார வேம்புகிட்டயே குடுத்துடலாமா? வீட்டு வாசல்ல அத வெச்சிகிட்டுத் தெனம் பாத்துப் பாத்து நீங்க ஏங்கணுமா? இன்னா சொல்றீங்க?"

பதில் இல்லை.

லினெட் திரும்பிப் பார்த்தாள். தொமினிக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். முகம் அந்தப் பக்கம். கண் தெரியவில்லை. வாய் மெல்லுகிறதா என்பதும் தெரியவில்லை. மடியிலிருந்த கை பொட்டலத்தின் நூலை லேசாகத் தடவிக்கொண்டிருந்தது.

"என்னங்க?"

அவர் திரும்பவில்லை.

"தொமினிக்!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் சொல்லாத பெயர். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் கையை நிறுத்திவிட்டார். லினெட் புருஷனின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வாய் மெல்லவில்லை. கண்ணுக்குள் ஆள் இருந்தார். கண் சிவந்து, ஈரமாக, முழுசாக, கோபமாக இருந்தார்.

"இன்னாடி, ஊரக் கூட்டி பேர் சொல்லிக் கூப்புடுற?"

"நான் கேட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. எல்லாம் விழுந்துச்சு. கார விக்கறதப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்ல. அதான் வாயத் தொறக்கல. போதுமா?"

சொல்லிவிட்டு வெடுக்கென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திமிர். கொஞ்சம்கூடக் கலப்படமில்லாத சொல்தா திமிர். போன வாரமாக இருந்திருந்தால் லினெட் பஸ்ஸென்றும் பார்க்காமல் ஆரம்பித்திருப்பாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. முந்தானையால் இரண்டையும் துடைக்கப் பார்த்துத் தோற்றாள். கண்டக்டர் ஒன்றும் புரியாமல் டிக்கெட்டை நீட்டினார்.

அவள் புருஷனின் தோளில் சாய்ந்துகொண்டாள். "அப்பிடியே இருங்க" என்றாள்.